முந்நூறு நாற்காலி, அறுநூறு உறுதி

நம் மாநாட்டின் பதிவுப் படிவத்தை இந்த வாரம் திறக்கப்போகிறீர்கள் என்று தேவி சொன்னார். உங்களுக்கு அவர் ஒருங்கிணைப்பாளர். எனக்கு இன்னும், கழுத்தில் அட்டையும் கையில் பெயர்ப்பட்டியலுமாக வாசலில் நின்ற முதல் வருடத் தன்னார்வலர். "இந்த வருஷமும் டபுளா இடம் குடுக்கலாமான்னு பசங்க கேக்கறாங்க அண்ணா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். ஒரு வார்த்தையில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் ஏன் இத்தனை பக்கம் எழுதப்போகிறேன்.

மைக் எங்கே வாங்குவது, உரைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, மதியச் சாப்பாட்டை எத்தனை மணிக்கு இறக்கச் சொல்வது எல்லாம் நான் விட்டுவந்த கோப்புகளில் இருக்கிறது. கோப்பில் ஏறாத ஒரு காலை நேரத்தை மட்டும் இங்கே இறக்கி வைக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் நாற்காலியில் உட்கார முடிவதில்லை, எழுந்து நடக்கிறேன். நடந்துகொண்டே யோசித்ததைத்தான் எழுதுகிறேன். ஆங்காங்கே மூச்சு வாங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியாட்களுக்கு நம் வழக்கம் வினோதமாகத் தெரியும். மென்பொருள் எழுதுபவர்களின் மாநாடு, கல்யாண மண்டபத்தில், அதுவும் ஆடி மாதத்தில். நமக்கு அதன் காரணம் தெரியும். ஆடியில் முகூர்த்தம் இல்லை. பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் மண்டபங்கள் வாழைமரம் காணாமல் கிடக்கும். சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி நின்ற அந்த மண்டபத்தின் மேலாளர், பூந்தமல்லிக்காரர், என் வயதுதான் இருக்கும். நாங்கள் எல்லாரும் பாய் என்றே கூப்பிட்டோம். "மாசம் பூரா ஃபேன் சுத்தாம கெடந்தா துருப்புடிக்கும் சார், வந்து ஓட்டிக்கினு போங்க" என்று அவர் சாவியைக் கொடுத்த அன்றுதான் நமது மாநாட்டுக்கு ஒரு முகவரி கிடைத்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் திரை கட்டினோம். மேலே கூடத்தில் முந்நூறு நாற்காலி. கீழே பந்தி போடும் ஹால்.

நுழைவு இலவசம். இலவசம் என்பதற்கு ஒரு குணம் உண்டு. விரல் அழுத்தத் தயங்குவதில்லை, கால் நடக்கத் தயங்கும். பதிந்தவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். சனிக்கிழமை காலை போர்வையை விலக்கி, மழைமேகம் இருக்கிறதா என்று ஜன்னலைப் பார்த்து, மறுபடி மூடிக்கொள்வார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நானே எத்தனையோ நிகழ்ச்சிகளுக்கு அப்படிப் பதிந்து அப்படித் தூங்கியிருக்கிறேன். ஆனால் காலி நாற்காலிகளைப் பேச்சாளர் பார்க்கக் கூடாதே. அதனால் நாங்கள் இருமடங்குப் பேருக்கு இடம் கொடுத்தோம். முந்நூறு நாற்காலிக்கு அறுநூறு மின்னஞ்சல்: 'உங்கள் இடம் உறுதி.' மூன்று வருடம் கச்சிதமாக அமைந்தது. மூன்று வருடமும் முந்நூறை ஒட்டியே கூட்டம். அந்தக் கணக்கு என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. வராதவர்களை வைத்து ஒரு கூடத்தை நிரப்பத் தெரிந்தவன் என்று.

நான்காம் வருடம் ஒரு நல்ல காரியம் செய்தேன். தவறுகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்னால் எல்லாருக்கும் எழுதினேன்: 'வர முடியாதவர்கள் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். உங்கள் இடத்துக்காக வேறொருவர் காத்திருக்கிறார்.' மக்கள் நல்லவர்கள். இருநூறு பேர் சொன்னார்கள். அக்கா கல்யாண வேலை, ஆபீஸில் புதுப் பதிப்பு வெளியீடு, காய்ச்சல். அந்த இருநூறு இடத்தையும் காத்திருந்த இருநூறு பேருக்குக் கொடுத்தேன். பட்டியல் மறுபடி அறுநூறு. நிம்மதியாகத் தூங்கினேன்.

என்ன செய்துவிட்டேன் என்று புரிகிறதா? வராதவர்களை நானே கேட்டு, நானே வெளியே அனுப்பிவிட்டேன். மிச்சம் இருந்தவர்கள் எல்லாம் வருகிறவர்கள். புதிதாகச் சேர்த்தவர்களோ இடம் கிடைக்காதா என்று ஏங்கியவர்கள், வரத் துடிப்பவர்கள். ஆனாலும் பழைய கணக்கின்படி பாதி குறையும் என்று நம்பினேன். ஒரே ஆளை இரண்டு முறை கழித்தேன். நாள் முழுக்க நிரலில் பிழை தேடுகிற தொழில் நமக்கு. அறுநூறு என்ற எண் அறுநூறாகவே இருந்ததால், அதற்குள் ஆட்கள் மாறிப்போனது என் கண்ணில் படவில்லை.

அன்று காலை எட்டரைக்கே கூடத்தில் பாதி நிரம்பிவிட்டது. வழக்கமாக அந்த நேரத்துக்கு நாங்களும் நாற்காலிகளும்தான் இருப்போம். ஒன்பதுக்கு முழுக்க நிரம்பியது. ஒன்பதேகாலுக்கு மாடிப்படி, வாசல், கேட், கேட்டுக்கு வெளியே சர்வீஸ் ரோடு, மெட்ரோ தூணின் நிழல் வரைக்கும் வரிசை. முதுகுப் பைகள், வெயில், கையில் கைபேசி, கைபேசியில் நான் அனுப்பிய உறுதி.

பாய் படியேறி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

"இன்னா சார் இது. கண்ணாலத்துக்கே இம்மாங்கூட்டம் வந்ததில்ல. ஆடி மாசத்துல யாருக்கு சார் தாலி கட்றீங்க?"

"கொஞ்சம் கூடிப்போச்சு பாய். ஒரு நூறு பேர் நடுவுல, ஓரத்துல நின்னுக்குவாங்க."

"நிக்க மாட்டாங்க. நடை வழில ஒருத்தரையும் நிக்க உடமாட்டேன். தீ கீ புட்சிச்சுன்னா ஓட வழி வோணாமா? உங்களுக்கு ஒரு நாளு. எனக்கு இது பொழப்பு."

அவர் சொன்னது சரி. அதனாலேயே எரிச்சலாக வந்தது. என்னோடு முதல் வருடத்திலிருந்து இருந்த மணி, அம்பத்தூர்க்காரன், காதோடு வந்து சொன்னான்: "மச்சான், ஒன்பது மணிக்கு மேல வந்தவங்களுக்கு என்ட்ரி இல்லன்னு ஒரு பேப்பர் ஒட்டிருவோம்." அழைப்பில் ஒன்பதரைக்குள் வந்தால் போதும் என்றுதான் போட்டிருந்தோம். அதை நினைவுபடுத்தினேன். "எவன் பாக்கப்போறான்" என்றான். நான் அந்தக் காகிதத்தை ஒட்டவில்லை. அந்த மட்டும் நல்லது. ஆனால் அதைவிடச் சின்னதாக, சுத்தமாகத் தெரிந்த ஒரு பொய்யைச் சொல்ல வைத்தேன். வாசலில் நின்ற தேவியிடம் சொன்னேன்: "சிஸ்டம் ஸ்லோவா இருக்குன்னு சொல்லுமா. பத்து நிமிஷம் தள்ளு."

சிஸ்டம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வருகிறவர்களின் பெயரை ஒரு நொடியில் பச்சையாகக் காட்டியது. ஒவ்வொரு பெயரும் பச்சை.

தேவி முக்கால் மணி நேரம் அந்தப் பொய்யைத் தாங்கினார். நெருக்கடியில் நாம் சொல்கிற பொய்யை நாம் தூக்குவதில்லை என்பதை நான் அன்று கண்ணால் பார்த்தேன். வாசலில் நிற்கிற ஆள்தான் தூக்குகிறார், முகத்தில் வெயில் விழ.

வரிசையில் ஐந்தாவதோ ஆறாவதோ ஒரு பெண். முப்பது முப்பத்திரண்டு வயது. அரக்கோணத்திலிருந்து ரயிலில் ஆவடிக்கு வந்து, பூந்தமல்லி பஸ் பிடித்து வந்திருந்தார். தேவி எடுத்து வைத்திருந்த அட்டையில் ரேவதி என்று அச்சாகி இருந்தது. அட்டை மட்டும் தயாராக இருந்தது. தேவியைத் தாண்டி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சார், நீங்கதான பெரியவரு? நேரா ஒரு பதில் சொல்லுங்க. இடம் இருக்கா, இல்லையா?"

"சிஸ்டம் கொஞ்சம்..."

"சிஸ்டம் இருக்கட்டும் சார். எங்க வீட்டுக்காரரு ஷிஃப்ட மாத்திக்கினு பாப்பாவ பாத்துக்கறாரு. நாலு வருஷமா வீட்ல இருந்தே கத்துக்கிறேன், மத்தவங்க எப்படிப் பேசறாங்கன்னு ஒரு நாளாச்சும் பாக்கணும்னு வந்தேன். இடம் இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க, இப்பவே கெளம்பினா அவரு மதியான ஷிஃப்டுக்காவது போவாரு. எனக்கு ஒண்ணும் கோவம் கெடையாது."

இதைவிடத் தெளிவாக யாரும் கேட்க முடியாது. எனக்கு அந்த நிமிடம் ஒரே ஒரு சொல்லைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. 'இல்லை.' அல்லது, 'தெரியவில்லை.' இரண்டும் வாயில் வரவில்லை. அவர் முகத்தில் ஏமாற்றத்தைப் பார்க்கும் வேலையைத் தள்ளிப் போட்டேன்.

"பத்து நிமிஷம் குடுங்கம்மா, ஏற்பாடு பண்ணிடறேன்" என்றேன். அதை நல்ல மனது என்று நானே நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே நாங்கள் நான்கு பேர் மணமகள் அறையில், கண்ணாடிக்கு முன்னால் நின்று சண்டை போட்டோம். கண்ணாடியில் எங்கள் நான்கு முகமும் பயத்தில் ஒரே மாதிரி இருந்தது. முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்றான் ஒருவன். தூரத்திலிருந்து வந்தவருக்கு என்றான் மணி. பக்கத்தில் இருப்பவர்களை எழுந்து போகச் சொல்லலாமா என்றேன் நான். யார் சொல்வது என்றதும் சண்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. கதவைத் திறந்து பாய் எட்டிப் பார்த்தார்.

"பேசிக்கினே இருங்க. கண்ணாலத்துல எலைக்கு மேல ஆள் வந்தா இன்னா பண்ணுவீங்க? தொரத்திருவீங்களா? ரெண்டு பந்தி. கீழ ஹால் சும்மாதான கீது. மேல பேசினவரு எறங்கி வந்து கீழயும் பேசிட்டுப் போவட்டும்."

அது அத்தனை எளிது. பேச்சாளர்களைத் தேடி ஓடினேன். எட்டுப் பேரில் ஆறு பேர் இரண்டு முறை பேசச் சம்மதித்தார்கள். ஒருவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. இன்னொருவர் யோசித்தே நேரத்தைக் கடத்தினார், விட்டுவிட்டேன். ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைக் கீழே இறக்கி, சாப்பாட்டு மேசைகளை ஓரம் தள்ளி, வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டினோம். வாசலுக்கு வந்தபோது பத்தைத் தாண்டிப் பத்து நிமிடம்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறினேன். லாரிச் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது.

"முந்நூறு நாற்காலிக்கு அறுநூறு பேருக்கு உறுதின்னு எழுதினது நான். சிஸ்டம் ஸ்லோன்னு சொல்லச் சொன்னதும் நான்தான். வாசல்ல நிக்கற இந்தப் பொண்ணு மேல தப்பில்ல. கீழ் ஹால்ல இருநூறு பேர் உக்காரலாம், ஆறு உரைதான் கெடைக்கும், ஏசி கிடையாது. இருக்கறவங்க இருங்க. போறவங்க என்னைத் திட்டிட்டுப் போங்க."

வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல்: "அண்ணாத்தே, மொத செஷன் கூட்டல் கழித்தலா?"

சிரிப்பு கேட் வரைக்கும் போய்த் திரும்பியது. ஒரு ஐம்பது பேர் கிளம்பினார்கள். மற்றவர்கள் செருப்புச் சத்தத்தோடு உள்ளே இறங்கினார்கள். கூட்டத்துக்குக் கோபம் வருவது இடம் இல்லாததால் இல்லை, நிற்க வைத்ததால் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

அரக்கோணத்துப் பெண்ணைத் தேடினேன். தேவி அட்டையை நீட்டினார்.

"அவங்க போயிட்டாங்கண்ணா. முக்கா மணி நேரம் நின்னாங்க. நீங்க பத்து நிமிஷம்னு சொன்னீங்கன்னு மூணு தடவ எங்கிட்ட சொன்னாங்க. இப்பதான், ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி."

சாலைக்கு ஓடினேன். ஆவடி பஸ் போய்விட்டிருந்தது.

அன்றைய மாநாட்டை எல்லாரும் புகழ்ந்தார்கள். இரண்டு பந்தி மாநாடு என்று பெயரே வந்துவிட்டது. வேட்டித் திரைப் படம் எத்தனை கைபேசிகளில் சுற்றியது என்று எனக்குத் தெரியாது. நான் அன்று மாலையே ரேவதிக்கு நீளமாக ஒரு மன்னிப்பு எழுதினேன். திங்கட்கிழமை பதில் வந்தது. 'நீங்கள் பத்து நிமிடம் என்றீர்கள். முக்கால் மணி நேரம் நின்றேன். அவருக்கு மதிய ஷிஃப்டும் போய்விட்டது. நிகழ்ச்சி நன்றாக நடந்ததாகப் படித்தேன். மகிழ்ச்சி.' அதில் ஒரு கோபச் சொல் கிடையாது. நான் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் மொட்டைமாடியில் நடந்தேன். மகிழ்ச்சி என்ற சொல்லை அதற்கு முன் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் சொன்னேன்: நாற்காலி எத்தனையோ அத்தனை உறுதி. ஒருவர் விலகினால் ஒருவர் உள்ளே. மணி ஒத்துக்கொள்ளவில்லை. "பாதி ஹால் காத்தாடும், பாத்துக்கினே இரு" என்றான். காத்தாடட்டும் என்றேன்.

பதிவு திறந்தது. முந்நூறு போக நீண்ட காத்திருப்புப் பட்டியல். அதில் நாற்பத்தோராம் பெயர் ரேவதி.

இங்கேதான் உங்களில் சிலர் என்னை விட்டு விலகுவீர்கள் என்று நினைக்கிறேன். அவர் பெயரை ஒரு வரியில் மேலே ஏற்றியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மணியே சொன்னான், "அவங்களுக்குக் குடுத்துரு, உன் மனசுக்கு நிம்மதி" என்று. மனசுக்கு நிம்மதி என்றதும்தான் எனக்குக் கை நின்றது. அவருக்கு முன்னால் இருந்த நாற்பது பேரும் எனக்கு முகம் தெரியாதவர்கள். அவர்கள் எந்த ஊரில் யாரிடம் குழந்தையை விட்டுவிட்டுப் பதிந்தார்களோ. என் குற்ற உணர்வை அவர்கள் தலையில் இறக்கிவைப்பது எப்படி நியாயம்? விலகியவர்களின் இடங்கள் முப்பதாம் பெயரோடு தீர்ந்தன. வியாழக்கிழமை, மிச்சம் இருந்த ஒவ்வொருவருக்கும் எழுதினேன்: 'இந்த வருடம் இடம் இல்லை.' வேறு எந்தச் சர்க்கரையும் சேர்க்கவில்லை. 'ஓசி நிகழ்ச்சிக்கு இவ்வளவு பந்தாவா' என்று ஒருவர் பதில் எழுதினார். ரேவதி எழுதியது ஒரே வரி: 'முன்னாடியே சொன்னதுக்கு நன்றி சார்.'

மணி சொன்னதுதான் சனிக்கிழமை காலை நடந்தது. ஒன்பதே முக்கால், கூடத்தில் நூறு நாற்காலிக்கு மேல் காலி. சுவர் மின்விசிறிகள் யாருமில்லாத வரிசைகளின்மேல் அக்கறையாகச் சுற்றின. மணி பக்கத்தில் வந்து நின்றான். விரல் நீட்டிக் காலி வரிசைகளை எண்ணினான். திட்டியிருந்தால் தேவலை. இடம் இல்லையென்று சொல்லப்பட்ட அத்தனை பேரும் வீட்டில் இருக்க, நான் காலி நாற்காலிகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். நேர்மையான கணக்கும் ஆளை வெளியே நிறுத்தும் என்பது அன்றைய பாடம், யாராவது கேட்டால்.

தேவிதான் கேட்டார்: "போன் பண்ணி உண்மைய சொல்லலாமேண்ணா. இவ்ளோ சேர் இருக்கு, இந்தெந்த டாக் மிச்சம் இருக்கு, வர முடிஞ்சா வாங்கன்னு."

பட்டியலைப் பிரித்துக்கொண்டோம். வரிசைப்படி, மேலிருந்து கீழே. தேவி முதல் பத்து, நான் அடுத்த பத்து. பட்டாபிராமிலிருந்து இருவர், அம்பத்தூரிலிருந்து ஒருவர் வருகிறேன் என்றார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள், சிலர் போனை வெட்டினார்கள். பதினொன்றாவது பெயர், பழைய வரிசையின் நாற்பத்தொன்று, எனக்கு வந்தது: ரேவதி.

"சார், வியாழக்கிழமதான இல்லன்னீங்க."

"அன்னிக்கு இல்லம்மா. இப்ப இருக்கு. பதிஞ்சவங்க வரல. நீங்க வர்றதுக்குள்ள மதியம் ஆயிரும், கடைசி மூணு உரைதான் கெடைக்கும்."

மறுமுனையில் பாத்திரச் சத்தம். குழந்தை எதையோ கேட்டது.

"நெஜமா இருக்கா சார்? வந்தப்புறம் பத்து நிமிஷம்னு சொல்ல மாட்டீங்களே."

"காலி சேருக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டுதான் பேசறேன்."

அவர் யோசித்தார். "எங்க அத்தைய கேட்டுட்டு அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்" என்றார். நான்காவது நிமிடத்தில் கூப்பிட்டார்.

இரண்டேகாலுக்கு வந்தார். தேவி வாசலில் உடனே அட்டையைக் கொடுத்தார். ரேவதி மூன்றாம் வரிசையில் ஓரமாக உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். என் பக்கம் ஒருமுறை தலையசைத்தார். நன்றி, மன்னிப்பு எதையும் பேச இருவருக்கும் நேரமில்லை, மேடையில் உரை ஆரம்பித்துவிட்டது.

கடைசி உரை முடிந்ததும் கேள்வி நேரம். அவர் கை தூக்கினார். மைக் போனது. தரவுத்தளத்தைப் பற்றி ஒரு கேள்வி, வீட்டில் தனியாக உட்கார்ந்து முட்டி மோதியவர் மட்டுமே கேட்கக்கூடியது. பேச்சாளர், பெரிய நிறுவனத்தில் பெரிய வேலையில் இருப்பவர், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எனக்கு உடனே தெரியல மேடம். பார்த்துட்டு சொல்றேன்."

"எப்ப சொல்வீங்க சார்?" என்றார் ரேவதி.

கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். பேச்சாளரும் சிரிப்பை நிறுத்தி, கைபேசியை எடுத்துப் பார்த்து, "புதன்கிழமை" என்றார்.

ரேவதி நோட்டில் புதன் என்று எழுதிக்கொண்டு உட்கார்ந்தார்.